நான் அடைத்த வாய்

“உங்க விசுவாசத்துல எங்கயோ ஒரு சந்தேகம் இருந்திருக்கும்மா.”

2009ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில், பதினோரு வயது மகளை அடக்கம் செய்து பதினாறு நாள்கூட முழுதாக ஆகாத ஒரு தாயிடம் இதைச் சொன்னவன் நான். அப்போது நான் அந்தச் சேகரத்தின் குருவானவர். முப்பத்தோரு வருடம் ஊழியம் செய்து ஓய்வு பெற்றுவிட்டேன். அந்த வருடங்களில் செய்த பிரசங்கங்களில் ஒன்றுகூட எனக்கு வரிக்கு வரி நினைவில்லை. இந்த ஒரு வாக்கியம் மட்டும் சொன்னபடியே, சொன்ன குரலோடு நினைவிருக்கிறது. குரலில் கடுமை இல்லை. கனிவாகத்தான் சொன்னேன். அதை நினைத்தால்தான் எனக்கு அதிகமாகக் கூசுகிறது.

அந்த அம்மாவின் பெயரை எழுதப்போவதில்லை. பீடி சுற்றிப் பிழைத்தவர்கள். வீட்டுக்காரர் பம்பாயில் ஒரு மளிகைக் கடையில் சம்பளத்துக்கு இருந்தார். வருடத்துக்கு ஒருமுறை அசனப் பண்டிகைக்கு வருவார். மூத்தவன் பையன், இளையது பெண். 2008 அக்டோபரில் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து விடவேயில்லை. உள்ளூர் வைத்தியம், திருச்செந்தூர், பாளையங்கோட்டை என்று அலைந்து, கடைசியில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. மதுரையில் வைத்து வைத்தியம் தொடங்கினார்கள். சபை உபவாசம் இருந்தது. ஞாயிறுதோறும் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபித்தோம். அந்த ஜெபங்களில் பொய்யில்லை. அழுதுதான் ஜெபித்தோம், நானும் அழுதேன்.

முதல் மாத மருந்திலேயே நோய் ஒடுங்கியது. ரத்தத்தில் கெட்ட அணுக்கள் தென்படவில்லை. ஆனால் தீர்ந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது, இரண்டு வருடத்துக்கு மேல் மருந்து தொடரவேண்டும், இடையில் திரும்பி வரவும் கூடும் என்று டாக்டர் சொன்னதை அந்த அம்மா குருமனைத் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் ஒன்றுவிடாமல் சொன்னார்கள். எட்டாம் வகுப்புவரை படித்தவர்கள். அவர்களுக்கு அது தெளிவாகப் புரிந்திருந்தது. இரண்டு பட்டம் வாங்கிய நான்தான் புரிந்துகொள்ள மனமில்லாமல் இருந்தேன். எனக்கு ஒரு அற்புதம் தேவைப்பட்டது. பக்கத்து ஊரில் புதிதாக முளைத்திருந்த ஜெபவீட்டுக்கு எங்கள் வாலிபர்கள் போகத் தொடங்கியிருந்த காலம் அது. நம் கோயிலிலும் கர்த்தர் கிரியை செய்கிறார் என்று காட்டவேண்டியிருந்தது.

டிசம்பர் 31 இரவு ஆராதனை. எங்கள் சபைகளில் அந்த இரவில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் உண்டு. பீடத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்போம். பன்னிரண்டு மணி தாண்டியதும் குடும்பம் குடும்பமாக வந்து ஆளுக்கொன்று எடுப்பார்கள். எடுத்த வசனம் அந்த வருடம் முழுவதும் அவர்களுக்குக் கர்த்தர் தந்த வாக்கு என்று வீட்டில் மாட்டி வைப்பார்கள்.

வசனங்களைத் தேர்ந்தெடுத்தவன் நான். சிவகாசியில் அச்சடிக்கக் கொடுத்தவனும் நான். முப்பது வசனம், ஒவ்வொன்றிலும் பத்து அட்டை, ஆக முந்நூறு. எல்லாம் ஆசீர்வாதம், சுகம், பாதுகாப்பு, பெருக்கம். வேதாகமத்தில் இருக்கும் கண்ணீரில் ஒரு துளிகூட அந்தத் தாம்பாளத்தில் இல்லாதபடி நான் பார்த்துக்கொண்டேன்.

பிள்ளை தலைமுடி கொட்டியிருந்ததால் ரோஸ் நிறத் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவள் எடுத்தது 118ஆம் சங்கீதத்தின் 17ஆம் வசனம். சாகமாட்டேன், உயிரோடிருந்து கர்த்தர் செய்தவற்றைச் சொல்லுவேன் என்னும் பொருள்கொண்ட வசனம். அவள் அதை வாசித்துவிட்டு அம்மாவிடம் காட்ட, அம்மா என்னிடம் காட்டினார்கள். நான் அட்டையை வாங்கி, மைக்கில் வாசித்தேன். கோயில் முழுவதும் ‘அல்லேலூயா’ என்று எழுந்தது. கர்த்தர் இந்தப் பிள்ளையோடு நேரடியாகப் பேசிவிட்டார் என்று அறிவித்தேன்.

அந்த இரவில் அதே வசனத்தை இன்னும் ஒன்பது பேர் எடுத்திருப்பார்கள். முந்நூறில் பத்து அட்டை அது என்று அந்தக் கோயிலில் தெரிந்த ஒரே ஆள் நான். மைக்கைப் பிடித்திருந்தபோதே அந்தக் கணக்கு என் தலைக்குள் ஒரு ஓரத்தில் ஓடியது. அதை அமுக்கிவிட்டுத்தான் பேசினேன்.

பிப்ரவரியில் ஸ்தோத்திர ஆராதனை ஒன்று வைத்து, அந்த அம்மாவைச் சாட்சி சொல்ல வைத்தேன். அவர்களுக்கு விருப்பமில்லை. “இன்னும் மருந்து இருக்குய்யா, முடியட்டும்” என்றார்கள். நான்தான் விடவில்லை. மருந்தை நிறுத்தச் சொன்னேனா என்று கேட்டால், இல்லை. ஆனால் அது என்னைக் காப்பாற்றும் பதில் அல்ல. நான் சொல்லியிருந்தாலும் அவர்கள் நிறுத்தியிருக்கமாட்டார்கள். பீடிக்கூலியில் சீட்டுப் பிடித்து மாதாமாதம் மதுரைக்குப் போய்வந்த மனுஷி.

ஜூன் மாதம் நோய் திரும்பியது. ஆகஸ்டு கடைசியில் பிள்ளை போய்விட்டாள்.

அடக்க நாளைப் பற்றியும் நான் சொல்லவேண்டும். பெட்டி வீட்டு முற்றத்தில் இருந்தது. பம்பாயிலிருந்து தகப்பனார் வந்துசேரக் காத்திருந்தோம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளையின் அப்பாவைப் பெற்ற ஆச்சி ஒப்பாரி எடுத்தார்கள். பள்ளிக்கூடப் பையை, பாதி எழுதிய நோட்டை, சடை பின்ன வாங்கி வைத்து உபயோகமில்லாமல் போன ரிப்பனை, மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு அடம்பிடித்ததை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஏன் கொண்டுபோனாய் என்று ஆண்டவரைக் கேட்டார்கள். அம்மாவின் வாய் அப்போதுதான் திறக்கத் தொடங்கியது. அதுவரை கல்லாக இருந்தவர்கள், ஆச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு கூடச் சேர்ந்து கேட்கத் தொடங்கினார்கள்.

நான் எழுந்து நிறுத்தினேன். கிறிஸ்தவர்கள் நம்பிக்கையில்லாதவர்களைப் போல அழக்கூடாது என்றேன். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் நாலாம் அதிகாரத்தைக் காட்டினேன். பாடகர் குழுவைக் கூப்பிட்டு, கீபோர்டு வைத்து, பரலோகப் பாடல்களை வரிசையாகப் பாடவைத்தேன். ஒப்பாரி அடங்கியது. அம்மாவின் வாயும் மூடிக்கொண்டது.

பவுல் அந்த இடத்தில் அழவே கூடாது என்று எழுதவில்லை. நம்பிக்கையோடு துக்கப்படுங்கள் என்பதுதான் அதன் பொருள். ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது அவனை எடுத்து அடக்கம் செய்த பக்தியுள்ள மனிதர் பெரிதாக அழுது புலம்பினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரம் சொல்கிறது. எரேமியா ஒன்பதாம் அதிகாரத்தில் கர்த்தரே புலம்பற்காரிகளை வரவழைக்கச் சொல்கிறார். அவர்கள் ஒப்பாரி வைத்தால்தான் ஜனத்தின் கண்ணில் நீர் ஓடும் என்கிறார். வேதாகமத்தில் ஒரு புத்தகத்துக்கே புலம்பல் என்று பெயர். ஐந்து அதிகாரம்; அதில் முதல் நான்கு, எபிரெய எழுத்து இருபத்திரண்டின் வரிசையில் கட்டப்பட்டவை. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒன்றும் விடாமல் அழுவதற்கென்றே கட்டிய பாட்டு. அந்த ஆச்சி பையிலிருந்து ரிப்பன்வரை வரிசையாகச் சொல்லி அழுதது அதே வேலைதான். அவர்கள் வேதத்துக்குள் நின்று அழுதார்கள். வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அதை நிறுத்தினேன்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த விஷயம் அல்ல. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்தவன் நான். நூற்றைம்பது சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் புலம்பல் சங்கீதங்கள் என்று தேர்வில் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை அழுது தொடங்கி நம்பிக்கையில் முடியும். 88ஆம் சங்கீதம் அப்படி முடிவதில்லை. ஏமான் பாடியதாகத் தலைப்பிட்ட அந்தச் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே நின்றுவிடுகிறது. அதை நீக்காமல் வழிபாட்டுப் புத்தகத்தில் வைத்தார்களே, அதுவே பெரிய இறையியல் என்று எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். குருப்பட்டம் பெற்றபின் முப்பத்தோரு வருடத்தில் ஒரு தடவைகூட அந்தச் சங்கீதத்தை எடுத்து நான் பிரசங்கிக்கவில்லை. சபைக்கு இதைத் தாங்கும் பக்குவம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாங்கமுடியாதவன் நான்தான்.

இப்போது அந்தச் செப்டம்பர் சாயங்காலத்துக்கு வருகிறேன்.

குருமனையில் என் மனைவி விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா தனியாக வந்தார்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த அட்டையை எடுத்தார்கள். நாலு மூலையும் மடங்கி, நடுவில் எண்ணெய்க் கறை. பிள்ளை ஆஸ்பத்திரியில் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாளாம்.

“இந்தாங்கய்யா, இத நீங்களே வச்சிக்கிடுங்க.”

நான் வாங்கவில்லை. மேஜைமேல் வைத்தார்கள்.

“ஆண்டவரு பொய் சொல்லமாட்டாருன்னு நீங்கதானய்யா சொன்னீங்க. அப்பம் இது யாரு சொன்ன பொய்யி?”

பதில் எனக்குத் தெரியும். நான் சொன்ன பொய். ‘எம்மா, அது நான் அச்சடித்த அட்டை. ஒரு ராஜா யுத்தத்தில் பிழைத்து வந்து பாடிய நன்றிப் பாட்டிலிருந்து ஒரு வரியைக் கிழித்தெடுத்து உங்கள் பிள்ளையின் கையில் கொடுத்தவன் நான். ஆண்டவர் அதைச் சொல்லவில்லை’ என்று சொல்லியிருக்கவேண்டும். அதைச் சொன்னால் முந்நூறு அட்டையும் போகும், அந்த இரவு மைக்கில் நான் பேசியது போகும், ஸ்தோத்திர ஆராதனை போகும், ஊரில் என் பேர் போகும். கண் இமைக்கும் நேரத்தில் இவ்வளவும் எனக்குள் ஓடியது. அட்டை பொய்யில்லை என்றால், நான் பொய்யனில்லை என்றால், தப்பு வேறு எங்கேயாவது இருந்தாகவேண்டும். எதிரே நின்றது அவர்கள் ஒருவர்தான்.

அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

ஆண்டவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல வருடம் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆண்டவருக்கு என் காவல் தேவையில்லை. யோபுவின் சிநேகிதர்களும் அதைத்தான் செய்தார்கள். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் வந்து ஏழு நாள் இரவும் பகலும் தரையில் அவனோடு பேசாமல் உட்கார்ந்தார்கள். அதுவரை நல்லவர்கள்தான். வாயைத் திறந்தபின், உன் பிள்ளைகள் பாவம் செய்ததால்தான் செத்திருப்பார்கள் என்கிற இடம்வரை பில்தாத் போகிறான். நாற்பத்திரண்டாம் அதிகாரத்தில் கர்த்தர் கோபப்படுவது, தம்மோடு வழக்காடிய யோபுமேல் அல்ல. தமக்காக வக்காலத்து வாங்கிய இவர்கள்மேல். அந்த வருடம் தவசு காலத்தில் யோபு புத்தகத்தை வேதபாட வகுப்பில் நான்தான் நடத்தினேன். முன்வரிசையில் அந்த அம்மா உட்கார்ந்து கேட்டார்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் துக்க வீட்டுக்குப் போகும் போதகர்கள் வழக்கமாகச் சொல்லும் கதைகள் உண்டு. டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரைச் சொல்வோம். 1931இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து, பிறகு 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுத்த படுக்கை. சுகத்துக்காக எத்தனையோ பேர் ஜெபித்தார்கள், சுகம் கிடைக்கவில்லை. படுக்கையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார்கள். தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், பறவைகள் தண்ணீர் குடிக்கும் ஒரு தொட்டியை வைத்து அதில் ‘அம்மா’ என்று பொறித்தார்கள். இந்தக் கதையை நான் எத்தனையோ வீடுகளில் உருக்கமாகச் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மையாருக்கு விசுவாசம் குறைவாக இருந்ததால்தான் இருபது வருடம் சுகம் கிடைக்கவில்லை என்று நான் ஒரு தடவையாவது நினைத்ததுண்டா? வாய் வருமா? வெள்ளைக்கார மிஷனெரி படுக்கையில் கிடந்தால் அது பாடுகளின் மகிமை. பீடி சுற்றுகிறவள் பிள்ளையைப் பறிகொடுத்தால் அது விசுவாசக் குறைவு. அந்த அம்மா ஏழை, எதிர்த்துப் பேசமாட்டார்கள், பேசினாலும் கேட்க ஆளில்லை என்று எனக்குள் ஏதோ ஒன்று அளந்து வைத்திருந்தது. ஊரில் பெரிய வீட்டில் சாவு விழுந்தபோதெல்லாம் நான் இப்படிப் பேசியதில்லை.

ஸ்பாஃபோர்டு கதையும் அப்படித்தான். 1873இல் கப்பல் விபத்தில் நாலு பெண்பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, என் ஆத்துமாவுக்கு நலமே என்ற பொருளில் பாட்டெழுதிய அமெரிக்கர். இந்தக் கதையை அந்த இடத்தோடு நிறுத்திவிடுவோம். பிறகு ஒரு மகன் பிறந்து, அவனும் 1880இல் காய்ச்சலில் செத்தான். அப்போது சொந்தச் சபையிலேயே இது கடவுளின் தண்டனை என்று பேச்சு எழுந்தது. அந்தக் குடும்பம் அங்கிருந்து விலகி, 1881இல் எருசலேமுக்கே போய்விட்டது. பாட்டைப் பாடுகிற நாங்கள், அந்தப் பாட்டை எழுதியவரைப் பேசியே துரத்தியவர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அந்த அம்மா கோயிலுக்கு வரவில்லை. நான் போய்ப் பார்க்கவில்லை. அவர்கள் தெருவுக்கு வீடு சந்திக்கப் போன நாட்களில் அந்த ஒரு வாசலைத் தாண்டி அடுத்த வாசலில் ஏறினேன். திண்ணையில் சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள், தலை நிமிராது. பதினெட்டு மாதம் கழித்து எனக்கு மாற்றல் வந்தது. அடுத்து வரும் குருவானவருக்காகக் குடும்பப் பதிவேட்டைச் சரிபார்த்தபோது, அந்த அம்மாவின் பெயருக்கு நேரே ‘சபையை விட்டு விலகியவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

2018இல் என் மனைவி போய்விட்டாள். காலையில் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தவள் சரிந்து விழுந்தாள், பக்கவாதம். ஐந்தாம் நாள் எல்லாம் முடிந்தது. பெரியவர்கள், சிறியவர்கள், ஆயர்கள் எல்லாரும் வந்தார்கள். நான் ஊர் ஊராகச் சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றும் என் வீட்டு வாசலுக்கு வந்தன. கர்த்தருக்குச் சித்தம், அவர் தோட்டத்துப் பூவைப் பறித்துக்கொண்டார், நமக்குத் தெரியாததா ஐயா. ஒருவர்மேலும் எனக்குக் குறையில்லை. என்னிடம் கற்றுக்கொண்டதைத்தான் எனக்குச் சொன்னார்கள். ஒரு வார்த்தையும் உள்ளே இறங்கவில்லை என்பதுதான் உண்மை.

அவளுடைய அக்காள் சாயர்புரம் பக்கத்திலிருந்து வந்து, பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தார்கள். பாடகர் குழுவினர் என் முகத்தைப் பார்த்தார்கள். நிறுத்தச் சொல்லுவேன் என்று காத்திருந்தார்கள். அந்த அக்காள், இவள் சின்னவளாக இருந்தபோது புளியமரத்தில் ஏறி விழுந்ததையும், என்னைக் கட்டி ஊர் ஊராகப் பெட்டி தூக்கியதையும், ஒரு சொந்த அடுப்பு இல்லாமல் குருமனை அடுப்புகளிலேயே காலம் போனதையும் சொல்லி அழுதார்கள். ஐந்து நாளாக அழாத நான் அப்போது அழுதேன். அந்த வீட்டில் அன்றைக்கு ஆண்டவரிடம் உண்மையாகப் பேசிய ஒரே குரல் அதுதான். நடுவில் எனக்கு அந்த முற்றம் நினைவுக்கு வந்தது. கீபோர்டு சத்தத்துக்குள் மூடிக்கொண்ட அந்த வாய்.

பிறகு எட்டு மாதம் என்னால் சொந்தமாக ஒரு ஜெபம் செய்ய முடியவில்லை. முழங்கால் போடுவேன், ‘ஏன்’ என்ற ஒரு சொல்லைத் தவிர எதுவும் வராது. அச்சடித்த ஆராதனை முறைமையை வாசித்து ஞாயிறுகளைக் கடத்தினேன். இரண்டாம் ஞாயிறே பிரசங்க பீடத்தில் நின்று, கர்த்தர் என்னை முற்றிலும் தேற்றிவிட்டார் என்று சொன்னேன். அதுவும் பொய். அந்த அம்மாவிடம் சொன்ன பொய்க்கும் இதற்கும் வேர் ஒன்றுதான்: குருவானவர் உடைந்துபோனால் சபை என்ன நினைக்கும் என்ற பயம்.

அந்த மாதங்களில்தான், அதுவரை நூறு தடவை வாசித்த மாற்கு பதினைந்தாம் அதிகாரம் என்னை நிறுத்தியது. சிலுவையில் ஆண்டவர் பிதாவைப் பார்த்து ஏன் கைவிட்டீர் என்று கேட்கிறார். வானத்திலிருந்து பதில் வந்ததாக மாற்கு எழுதவில்லை. ‘ஏன்’ என்று கேட்பது சந்தேகம் என்றால், அந்தச் சந்தேகம் அவர் வாயிலிருந்தே வந்திருக்கிறது. இதை விசுவாசம் என்று வணங்குகிற நான், அதே சொல்லை ஒரு தாய் சொன்னபோது குற்றம் என்றேன்.

அந்தப் பிள்ளை ஏன் செத்தாள் என்று எனக்கு இன்றும் தெரியாது. என் மனைவி ஏன் அப்படிப் போனாள் என்றும் தெரியாது. தெரியாமலேயே நம்புகிறேன். ஜெபம் இப்போது திரும்பி வந்திருக்கிறது; முன்னைப்போல நீளமாக இல்லை.

2022 பிப்ரவரியில், ஓய்வு பெற்றபின், அந்த ஊருக்குப் போனேன். அந்தச் சாயங்காலத்துக்குப் பன்னிரண்டு வருடம் கழித்து. அதே திண்ணை. தலை நரைத்திருந்தது. நனைத்த இலையில் தகட்டை வைத்துக் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள்.

“வாங்கய்யா” என்று நாற்காலி எடுத்துப் போட்டார்கள். ஐயரம்மா போனது கேள்விப்பட்டேன் என்றார்கள். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அன்றைக்கு நான் சொன்னது தப்பு, அட்டையைப் பற்றி நான் சொன்னதும் தப்பு, பிள்ளை போனதில் உங்கள்மேல் ஒரு குறையும் இல்லை, என் பேரைக் காப்பாற்றிக்கொள்ள உங்கள்மேல் போட்டேன் என்று சொன்னேன். முழுவதும் சொல்லி முடிக்கும்வரை இலையைக் கத்தரித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு கத்தரிக்கோலைச் சொளவில் வைத்தார்கள்.

“நான் அத நம்புனேன்யா. ரெண்டு வருசம். எனக்கு எப்பம் சந்தேகம் வந்துது, எந்த நாளு வந்துதுன்னு ராத்திரி பூராம் தேடிக்கிட்டுக் கெடந்தேன். மதுரயில வச்சி ஒரு நா, அவ வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடக்கும்போது, இவ பொழைக்கமாட்டா போலருக்கேன்னு மனசுல ஓடிச்சி. அதான்னு முடிவு கட்டுனேன். நான் நெனச்சதுனாலதான் எம்பிள்ள செத்தான்னு.”

நான் ஒன்றும் பேசவில்லை.

“அவ அப்பாகிட்டகூட சொல்லல. ரெண்டு வருசம் கழிச்சி எங்க மாமியாதான் கண்டுபிடிச்சி, ஏட்டி, நெனப்பு வந்தா பிள்ள சாவுமாட்டி, அப்பம் ஊருல எந்தப் பிள்ள இருக்கும்னு கேட்டாவ.”

ஒப்பாரி வைத்த அதே ஆச்சி. நான் வாயை அடைத்த அந்த ஆச்சிதான், நான் கட்டிய கல்லை அந்த அம்மாவின் கழுத்திலிருந்து அவிழ்த்தவர்கள்.

மன்னிப்பு என்று அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் அதையும் அவர்கள் எனக்காகச் சுமக்கவேண்டியிருக்கும். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். சுவரில் பிள்ளையின் படம் இருந்தது, ரோஸ் துண்டு கட்டாத காலத்துப் படம். ஜெபிக்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமையை நான் 2009இல் இழந்துவிட்டேன்.

புறப்படும்போது அவர்களே ஒன்று சொன்னார்கள். மூத்த பையனுக்குக் கல்யாணம் பேசி, ஓலை வாசிக்கக் கடிதம் கேட்டுக் கோயிலுக்குப் போனபோது, ஏட்டில் சபையை விட்டு விலகிய குடும்பம் என்று இருக்கிறது, கடிதம் தர முடியாது என்றார்களாம். பெண் வீட்டார் ஊரில் வைத்துக் கல்யாணம் முடிந்தது. “நான் எங்க வெலகுனேன்யா? நீங்க திரும்ப ஒரு நா வந்து கூப்பிடுவீகன்னு திண்ணையிலதான இருந்தேன்” என்றார்கள்.

இப்போது அந்தச் சேகரத்தில் இருக்கும் குருவானவருக்கு எழுதுகிறேன். பதிவேட்டில் அந்தக் குடும்பத்தின் பெயருக்கு நேரே என் கையெழுத்தோடு ஒரு வரி இருக்கும். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். அடித்ததற்குச் சாட்சியாகப் பழைய குருவானவர் கையெழுத்து வேண்டும் என்று கமிட்டி கேட்டால், எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அன்றைக்கே பஸ் ஏறி வந்து போடுகிறேன்.